அம்பேத்கரும் கர்ப்பிணித் தொழிலாளர்களும்: பட்டாசு ஆலை வரை வரும் ஒரு சட்டத்தின் கதை!

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம் காலையில் போனால், பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பார்க்கலாம். பேப்பர் குழாய், திரி, பாக்கெட் என்று பெரும்பாலும் பீஸ் ரேட் வேலை. சுற்றிலும் அலுமினியப் பவுடர், கந்தகம். இந்த இடத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு? கூலி போகாமல் ஓய்வு எடுக்க முடியுமா?

கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி கேள்வி பம்பாய் சட்டமன்றத்தில் வந்தது. அன்றைக்கு எழுந்து பேசியவர்களில் ஒருவர் அம்பேத்கர்.

14-வது பிள்ளை

1891 ஏப்ரல் 14-ம் தேதி, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மஹூவில் பிறந்தவர் அம்பேத்கர். வீட்டில் 14-வது பிள்ளை. அவருக்கு முன் பிறந்த பலர் பிழைக்கவில்லை. அம்மா பீமாபாய், அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துபோனார். பின்னாளில் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த 5 குழந்தைகளில் வளர்ந்து ஆளானது யஷ்வந்த் மட்டும்தான். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த பொருளாதார நிபுணர் என்று அவரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கம் அதிகம் சொல்லப்படுவதில்லை.

1928-ல் என்ன நடந்தது?

1919-லேயே உலகத் தொழிலாளர் அமைப்பு, பிரசவ கால ஓய்வுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டது. ஈயம் புழங்கும் வேலைகளில் பெண்களைக் காப்பது பற்றியும் அதே ஆண்டு பரிந்துரை செய்தது. இந்தியாவில் என்.எம்.ஜோஷி 1924-ல் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மகப்பேறு மசோதா தோற்றுப்போனது. அப்புறம்தான் பம்பாய் மாகாணத்தில் அந்த முயற்சி வந்தது.

1928 ஜூலை 28-ம் தேதி அம்பேத்கர் வைத்த வாதம் ரொம்ப நேரடியானது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அதனால் அந்தச் செலவில் அரசுக்குப் பங்கு உண்டு. ஆனால் முதலாளியும் தப்பிக்க முடியாது. சில தொழில்களில் ஆண்களை விடப் பெண்களை வைத்தால் லாபம் அதிகம் என்பதால்தானே அவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள்? லாபம் எடுப்பவர் செலவிலும் பங்கு தரட்டும் என்றார். 1929-ல் பம்பாய் மகப்பேறு சட்டம் வந்தது. சென்னை மாகாணத்திலும் 1930-களின் நடுவில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

சுரங்கத்தில் வந்த சிக்கல்

1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கர் கைக்கு வந்தது. 1943-லேயே சுரங்கத் தொழிலாளர் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார். ஆனால் அதே வருஷம்தான் இன்னொன்றும் நடந்தது. உலகப் போர் நேரம், நிலக்கரித் தட்டுப்பாடு. பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்று 1937-ல் இருந்து முழுசாக இருந்த தடையை அரசு விலக்கிக்கொண்டது. துறை அமைச்சர் அம்பேத்கர்தான்!

பயங்கர எதிர்ப்பு. அவசர நிலை, வேறு வழியில்லை, சுரங்கத்தில் முதல் தடவையாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கிடைக்கிறது என்று சபையில் அவர் விளக்கம் சொன்னார். அவரைப் புகழ்ந்து வரும் வாட்ஸ்அப் மெசேஜ்களில் இந்த அத்தியாயம் இருக்காது. ஆனால் இதைச் சொல்லாமல் கதை முழுமையாகாது. சுரங்கத்துக்குள் இறங்கும் கர்ப்பிணிகளுக்கு ஓய்வுக் காலத்தை நீட்டித்து 1945-ல் திருத்தம் வந்தது. 1946 பிப்ரவரி 1 முதல் பழைய தடையும் திரும்ப வந்தது.

இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு அடிப்படையான அடார்கர் அறிக்கையும் (1944) அவர் துறையில் இருந்த காலத்தில் வந்ததுதான்.

26 வாரம் அம்பேத்கர் கொடுத்ததா?

இல்லை. அவர் இறந்தது 1956 டிசம்பர் 6. நாடு முழுக்கப் பொருந்தும் மகப்பேறு நலச் சட்டம் வந்தது 1961-ல். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று ஆனது 2017 திருத்தத்தில். 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது.

ஆனால் ஒரு ஓட்டை அப்படியே இருக்கிறது. கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலை, நீண்ட நேரம் நிற்கும் வேலை, கருவைப் பாதிக்கும் வேலை தரக் கூடாது என்று சட்டம் சொல்வது, பிரசவத்துக்கு முந்தைய சுமார் 10 வாரங்களுக்குத்தான். குழந்தையின் உறுப்புகள் உருவாவதோ முதல் 3 மாதத்தில். ஈயம் போன்றவை தாயின் ரத்தம் வழியாகக் கருவுக்குப் போகக்கூடியவை. பட்டாசு ஆலையோ, கெமிக்கல் டெஸ்ட் செய்யும் ஆய்வகமோ, பல பெண்கள் தாங்கள் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்னாடியே சில வாரம் வேலை பார்த்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம், பணப்பலன் கிடைக்க பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குச் சந்தா கட்டிய நாள் கணக்கு. பீஸ் ரேட்டில் இருக்கிறவங்க பேர் வருகைப் பதிவேட்டில் ஒழுங்கா ஏறியிருக்கா என்பதை இப்பவே பார்த்துக்கிறது நல்லது.