ஓயாத கைகள்

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்து அமைந்த கடற்கரை ஊர் பொம்மையார்பாளையம். இக்கரையோரத்து மக்களுள் பலருக்குக் கையும் காலுமே மூலதனம். பாத்தியில் இறங்கி உப்பு வாரவும், கரையில் நின்று வலை இழுக்கவும் உடலுறுதி வேண்டும். இத்தகைய ஊரில் கால் இயங்காத இளைஞர் ஒருவர், இனித் தமக்குக் கல்வியால் என்ன பயன் என்று மனம் தளரக்கூடும். அந்த ஐயத்திற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

கேரளத்தில் கொச்சியை அடுத்த செராய் என்னும் ஊரில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் மேரி. மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் அவரை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியே வளர்ந்து இக்கல்லூரியாயிற்று. அங்குப் பயின்று பட்டம் பெற்ற மேரி, பணியைத் தொடங்கிய சில காலத்திலேயே பேரிடர் ஒன்றைச் சந்தித்தார். 1954ஆம் ஆண்டு, உடன் பணியாற்றியோருடன் உலாச் சென்றபோது அவர்கள் சென்ற வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழ்ந்த காயம் ஏற்பட்டது. முதுகுத் தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் திரும்பவே இல்லை.

நோயாளிகளுக்கு மருந்தளித்த மருத்துவமனையில் அவரே நோயாளியாகக் கிடந்தார். பிறர் உதவியின்றிப் புரண்டு படுக்கவும் இயலாத நிலையில், தம் எதிர்காலம் முடிந்துவிட்டது என்றே அவர் எண்ணினார். அவ்வேளையில் அவருக்கு வழிகாட்டியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான அவர், வேலூரில் தொழுநோயாளர்களின் கைகளைச் சீரமைக்கும் மருத்துவத்தில் ஈடுபட்டிருந்தார்.

தொழுநோய் நரம்புகளைத் தாக்குவதால் விரல்கள் மடங்கி விறைத்துப்போகும். வலி தெரியாமையால் கையும் காலும் புண்பட்டுச் சிதையும். நல்ல நிலையிலுள்ள தசைநாணை இடம் மாற்றித் தைத்தால், மடங்கிய விரல்கள் மீண்டும் இயங்கும். நுட்பமான இவ்வறுவையை அமர்ந்தபடியே செய்ய முடியும். மேரியிடம் இல்லாதவற்றை எண்ணாமல் இருப்பவற்றை எண்ணினார் பிராண்ட். தேர்ந்த மருத்துவ அறிவும் உறுதியான இரு கைகளும் அவரிடம் இருந்தன. ஆகவே கை அறுவையைப் பயிலுமாறு அவரை ஊக்கினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அக்கலையைக் கற்றுத் தேர்ந்தார். தம்மைப் போலவே உடல் நலிவுற்ற ஒருவர் தமக்கு அறுவை செய்வதைக் கண்ட நோயாளிகள் புதிய நம்பிக்கை பெற்றனர்.

மேரியின் கல்வி அத்துடன் நிறைவடையவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறரைச் சாராமல் அன்றாட வாழ்வை நடத்தப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்டு ரஸ்க் என்பவரின் நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்தார். மருத்துவர் பட்டத்தை நடந்து சென்று பெற்றவர், இம்மேற்பயிற்சியைச் சக்கர நாற்காலியில் சென்று பெற்றார். சாய்தளம், மின்தூக்கி, கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்த மேசை ஆகியவை இருக்குமாயின் உடற்குறை கல்விக்குத் தடையாகாது என்பது அவர் தம் வாழ்வில் கண்ட உண்மை.

வெளிநாட்டில் தங்கி வசதியாக வாழும் வாய்ப்பை நாடாது அவர் வேலூருக்கே திரும்பினார். உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்று அதனை வளர்த்தார். முதுகுத்தண்டு சிதைந்தோர் தங்கிப் பயிற்சி பெறுவதற்கான மறுவாழ்வு மையம் 1966ஆம் ஆண்டு வேலூரில் உருவாக அவரே தூண்டுகோலாய் இருந்தார். உயிரைக் காப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. காக்கப்பட்டவரை மீண்டும் குடும்பத்திலும் தொழிலிலும் சேர்ப்பதே அதன் நிறைவு என்பது அவரது கொள்கை. இந்திய அரசு 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மேரியின் வெற்றிக்கு அவரது மனவுறுதி ஒரு பாதி என்றால், அவருக்கு ஏற்ற பணியைத் தேர்ந்து, கற்கும் வழியையும் திறந்துவிட்ட நிறுவனங்கள் மறுபாதி. அன்று நல்லாசிரியர் ஒருவரின் பரிவால் கிடைத்த வாய்ப்பு, இன்று சட்டத்தால் உரிமையாகியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுடையோருக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. தடையற்ற கட்டடம், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி முதலியவற்றுக்கும் அது வழிசெய்கிறது.

பொம்மையார்பாளையத்திலிருந்து சக்கர நாற்காலியில் கல்லூரிக்குப் புறப்படும் மாணவி ஒருத்தி, வாயிலில் சாய்தளம் அமைக்கக் கேட்பது சலுகை வேண்டுதல் ஆகாது. அவள் கேட்பது, தன் கைகளும் அறிவும் பயன்படுவதற்கான வழியை. அவ்வழி அடைபட்டுக் கிடக்கும்போது இழப்பு அவளுக்கு மட்டும் உரியதன்று. வேலூரில் அது அடைபட்டிருந்தால், மடங்கிய விரல்கள் எத்தனையோ நிமிராமலே போயிருக்கும்.