சூரிய ஒளியில் கோடு கண்ட கண்ணாடித் தொழிலாளி

1801-ம் ஆண்டு ஜூலை 21. பவேரியாவின் தலைநகரான மூனிக்கில் ஒரு வீடு திடீரென இடிந்து விழுந்தது. அது ஒரு கண்ணாடிப் பட்டறை. முதலாளியின் மனைவி மாண்டார். பட்டறையில் தொழில் பழகிய 14 வயதுச் சிறுவன் மட்டும் சில மணி நேரத்துக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டான். மீட்புப் பணியைப் பார்வையிட வந்த மன்னர் மாக்ஸிமிலியன் அவனுக்கு 18 பொற்காசுகள் வழங்கினார்.

அந்தச் சிறுவன்தான் ஜோசப் பிரான்ஹோபர். 1787 மார்ச் 6-ல் ஸ்ட்ராபிங் என்ற ஊரில் ஜன்னல் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி ஒருவரின் 11-வது குழந்தையாகப் பிறந்தவர். 11 வயதில் தாய், தந்தை இருவரையும் இழந்தார். மூனிக் பட்டறையில் சம்பளம் கிடையாது. புத்தகம் படிப்பதையும் முதலாளி விரும்பவில்லை. மன்னர் தந்த காசில் அவர் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். மீதிப் பணத்தைக் கொடுத்துப் பட்டறையிலிருந்து விடுதலை பெற்றார். பெயர் அட்டைகள் அச்சிட்டு விற்றும் பார்த்தார். போர்க்காலத்தில் பெயர் அட்டை யாருக்கு வேண்டும்? மறுபடியும் பழைய முதலாளியிடமே போக நேர்ந்தது.

விபத்தன்று அவரைக் கண்டு, பின்னர் கணித நூல்கள் தந்து உதவியவர் உட்ஷ்னைடர் என்ற தொழிலதிபர். 1806-ல் இவருடைய கருவித் தொழிற்சாலையில் பிரான்ஹோபர் சேர்ந்தார். அதன் கண்ணாடி உலை, பெனடிக்ட்பாயர்ன் என்ற கிராமத்தில், துறவிகள் வெளியேற்றப்பட்ட பழைய மடத்தில் இருந்தது.

அக்காலத் தொலைநோக்கிகளின் பெருந்தொல்லை நிறம். கண்ணாடிக்குள் புகும் ஒளி வளைகிறது. ஆனால் எல்லா நிறமும் ஒரே அளவு வளைவதில்லை. சிவப்பு குறைவாகவும் ஊதா அதிகமாகவும் வளையும். ஆகவே ஒற்றை லென்ஸ் வழியே பார்த்தால் நட்சத்திரத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும். சாதாரண கிரௌன் கண்ணாடியில் குவிலென்ஸும், ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடியில் குழிலென்ஸும் செய்து இணைத்தால், ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். இது முன்பே தெரிந்த உபாயந்தான். செய்வதில்தான் சிக்கல். ஈயம் கனமானது, உருகிய குழம்பில் கீழே தங்கிவிடும். தண்ணீரில் சர்க்கரைப் பாகை ஊற்றினால் இழை இழையாகத் தெரிகிறதல்லவா? அத்தகைய இழைகள் கண்ணாடியிலும் விழும். ஒவ்வொரு இழையும் ஒளியை ஒவ்வொரு விதமாக வளைக்கும். உருகிய குழம்பைச் சுடுமண் கோலால் கிளறி இக்குறையைப் போக்க வழி கண்டவர் சுவிட்சர்லாந்துக்காரரான கினான். அவரிடம் கற்ற பிரான்ஹோபர் அந்த முறையை மேலும் செம்மைப்படுத்தினார்.

அடுத்த கேள்வி: எந்தக் கண்ணாடி எந்த நிறத்தை எவ்வளவு வளைக்கிறது? வானவில்லில் சிவப்பு எங்கே முடிகிறது, ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்ல முடியும்? எல்லை தெரியாத நிறத்தை அளப்பது எப்படி? விளக்கு வெளிச்சத்தைப் பட்டகம் வழியே பார்த்தபோது, பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்று எப்போதும் ஒரே இடத்தில் நின்றது. சூரிய ஒளியிலும் அது உண்டா என்று தேடினார். ஜன்னல் கதவில் மெல்லிய பிளவு. 24 அடி தள்ளிப் பட்டகம். அதன் எதிரே நில அளவைக்குப் பயன்படும் தியோடலைட்டின் தொலைநோக்கி. கண்டது பிரகாசமான கோடு அல்ல. எண்ணற்ற கருங்கோடுகள்!

ஆங்கிலேயரான வோலாஸ்டன் 1802-லேயே சிலவற்றைக் கண்டு, நிறங்களின் எல்லை என்று எண்ணி விட்டுவிட்டார். பிரான்ஹோபர் விடவில்லை. 574 கோடுகளை எண்ணினார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என எழுத்துகள் சூட்டினார். வெள்ளிக் கிரகத்தின் ஒளியில் அதே கோடுகள். சிரியஸ் நட்சத்திரத்திலோ வேறு கோடுகள். ஆகவே இது கருவியின் கோளாறு அல்ல. தேடிய அளவுகோலும் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையும் கோடு கோடாகக் கணக்கிடலாம்.

அந்தக் கணக்கில் பிறந்ததுதான், 1824-ல் எஸ்தோனியாவின் டோர்பாட் வானாய்வகத்துக்குச் சென்ற 24 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதைக் கொண்டு ஸ்ட்ரூவே 3,112 இரட்டை நட்சத்திரங்களைப் பட்டியலிட்டு 1827-ல் வெளியிட்டார். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கப் பிரான்ஹோபர் இல்லை. காசநோய் முற்றி, 1826 ஜூன் 7-ல், 39-வது வயதில் மறைந்தார். பல்கலைக்கழகப் படியேறாத அவருக்கு, கௌரவ டாக்டர் பட்டமும் பிரபுப் பட்டமும் கடைசிச் சில ஆண்டுகளில்தான் வந்தன.

ஆராய்ச்சி முடிவுகளை அவர் தாராளமாக வெளியிட்டார். கண்ணாடி உருக்கும் பக்குவம் மட்டும் தொழில் ரகசியமாகவே இருந்தது. இங்கிலாந்து பாரடேயையே உலைமுன் நிறுத்திச் சில ஆண்டுகள் முயன்றும் அவரை மிஞ்ச முடியவில்லை.

கருங்கோடுகள் ஏன் தோன்றுகின்றன என்பதை 1859-ல் கிர்க்காபும் புன்சனும் விளக்கினர். டி கோடு சோடியத்தின் அடையாளம். 1868 ஆகஸ்ட் 18-ல் முழுச் சூரிய கிரகணம். அதைக் காணப் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு நிறமாலைக் கருவியுடன் வந்தார். சூரியப் பிழம்பில் அந்த ஆண்டு காணப்பட்ட மஞ்சள் கோடு டி கோட்டுக்கு அருகில் இருந்ததே தவிர, அதன் மேல் பொருந்தவில்லை. அந்தச் சிறு விலகலிலிருந்துதான் ஹீலியம் வெளிப்பட்டது.