துடைப்பம் ஏந்திய புனிதர்: மார்ட்டின் தெ போரஸும் பிறப்பு வகுத்த சட்டமும்

கத்தோலிக்க ஆலயங்களில், வெள்ளை அங்கியும் கறுப்புப் போர்வையும் அணிந்து, கையில் துடைப்பத்துடன் நிற்கும் கறுத்த நிறப் புனிதர் ஒருவரின் சுரூபத்தை நம்மில் பலர் கண்டிருக்கலாம். அவர் காலடியில் நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்ணும். அவர் பெயர் மார்ட்டின் தெ போரஸ். ஏழைகளுக்கு உணவளித்தவர், கைவிடப்பட்ட குழந்தைகளைக் காத்தவர், நோயாளிகளைத் தம் படுக்கையில் கிடத்திப் பேணியவர் என்று பக்தி நூல்கள் அவரைப் போற்றுகின்றன. அத்துடைப்பத்தைத் தாழ்ச்சியின் அடையாளம் என்றும் கூறுகின்றன. அதை அவர் கையில் கொடுத்தது எது என்ற வினாவை அவை அரிதாகவே எழுப்புகின்றன. அந்த வினாவுடன் அவருடைய வாழ்வை நாம் மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

மார்ட்டின் 1579 டிசம்பர் 9 அன்று, ஸ்பானியப் பேரரசின் ஆளுகையிலிருந்த பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் பிறந்தார். தாய் அன்னா வெலாஸ்கஸ், பனாமாவிலிருந்து வந்த, அடிமை நிலையினின்று விடுவிக்கப்பட்ட பெண். தந்தை ஹுவான் தெ போரஸ் ஒரு ஸ்பானியப் பிரபு. தாயும் தந்தையும் மணம் புரிந்தவர்கள் அல்லர். திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை அறியப்படாதவர் என்றே எழுதப்பட்டது. குழந்தை தன் நிறத்தைக் கொண்டு பிறந்ததைத் தந்தையால் பொறுக்க இயலவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் தெரிவிக்கின்றன. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மார்ட்டினையும் தங்கை ஹுவானாவையும் தம் பிள்ளைகளாக ஏற்று, குவாயகில் நகருக்கு அழைத்துச் சென்றார். பனாமாவில் ஆளுநர் பதவி கிடைத்ததும் மார்ட்டின் மீண்டும் லிமாவுக்கு, தாயின் வறுமைக்கே திரும்பினார்.

அன்றைய லிமாவின் சமூக அமைப்பை அறியாமல் இவ்வாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. 1614ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகரின் மக்கள் தொகை சுமார் 25,000. அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர், பெரும்பாலோர் அடிமைகள். ஸ்பானியர் மேலே, பழங்குடி இந்தியரும் ஆப்பிரிக்கரும் கீழே, கலப்பில் பிறந்தோர் இடையில் பல படிகளில் என்று அச்சமூகம் அடுக்கப்பட்டிருந்தது. கலப்பில் பிறந்தோரைக் குறிக்க ஸ்பானியர் பயன்படுத்திய சொல் காஸ்தா. அதே சொல்லைத்தான் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து நம் சாதிகளுக்குச் சூட்டினர். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் காஸ்ட் என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது.

அந்த அடுக்கிற்கு அடித்தளம் இரத்தத் தூய்மை என்னும் கோட்பாடு. ஸ்பெயினில் கிறித்தவம் தழுவிய யூதர், முஸ்லிம்களின் வழித்தோன்றல்களைப் பதவிகளிலிருந்தும் துறவற சபைகளிலிருந்தும் விலக்கி வைக்க உருவான கோட்பாடு அது. திருமுழுக்கு பாவத்தைக் கழுவும், பிறப்பைக் கழுவாது என்பதே அதன் பொருள். கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தபோது, அது ஆப்பிரிக்கர் மீதும் இந்தியர் மீதும் திரும்பியது.

மார்ட்டின் ஏறத்தாழ 12 வயதில் நாவிதர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அக்காலத்து நாவிதர் முடி திருத்துவதோடு இரத்தம் வடித்தல், காயங்களுக்குக் கட்டுப்போடுதல், மூலிகை மருந்து தயாரித்தல் ஆகியவற்றையும் செய்தனர். நம் மண்ணிலும் நாவிதர் சமூகத்தவரே மருத்துவராகவும், அவர்கள் வீட்டுப் பெண்களே பேறுகாலம் பார்ப்பவராகவும் விளங்கினர் என்பதை நாம் அறிவோம். உடலைத் தொட்டுக் குணமாக்கும் அறிவு இழிவானதாகக் கருதப்பட்ட காலத்தில், அந்த அறிவே மார்ட்டினின் வாழ்நாள் உடைமையாயிற்று.

1594ஆம் ஆண்டில், 15 வயதில், லிமாவின் செபமாலை மடத்தில் அவர் சேர்ந்தார். அது தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்றழைக்கும் தொமினிக்கன் சபையின் மடம். ஆப்பிரிக்கர், இந்தியர், அவர்தம் வழித்தோன்றல்கள் துறவற சபைகளில் முழு உறுப்பினர் ஆவதை அன்றைய பெருவின் விதிகள் தடுத்தன. ஆகவே அவருக்குக் கிடைத்தது தொனாதோ என்னும் நிலை. தம்மையே மடத்துக்குக் கொடையாக அளித்தவர் என்பது அச்சொல்லின் பொருள். சபையின் உடையை அணியலாம், மடத்தில் வாழலாம். அதற்கு ஈடாக ஏவல் வேலை செய்ய வேண்டும். கூட்டுதல், துணி துவைத்தல், சமையலறைப் பணி, துறவியருக்கு முடி திருத்துதல் ஆகியவை அவருக்கு விதிக்கப்பட்டன. துடைப்பம் அவர் கைக்கு வந்தது இவ்வாறே. தாழ்ச்சி அவருடைய இயல்பாக இருந்திருக்கலாம்; தாழ்நிலை அவருக்கு விதியால் இடப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது, ஒடுக்குமுறையை அறப்பண்பாக மாற்றிக் காட்டும் பழைய உத்தி.

1603இல் மடத்தார் அவ்விதியைக் கண்டும் காணாமல் விட்டு, அவர் வார்த்தைப்பாடு கொடுக்க இசைந்தனர். விதி நீக்கப்படவில்லை, ஒருவருக்காகக் கதவு சற்றே திறக்கப்பட்டது. இறுதிவரை அவர் குருவாக உயரவில்லை. மடத்தின் மருத்துவக் கூடம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. பிறப்பைச் சொல்லி அவரை நாயென்று இழித்தவர்களும் நோயுற்றபோது அவர் கைகளையே நாடினர்.

மடத்தின் வாயிலில் நாள்தோறும் சுமார் 160 ஏழைகளுக்கு அவர் உணவளித்தார் என்று வரலாறுகள் கூறுகின்றன. அதற்கான பொருளைச் செல்வர் வீடுகளில் இரந்து திரட்டினார். வீடற்றோருக்கு உடையும் போர்வையும் தேடித் தந்தார். தெருவில் விடப்பட்ட குழந்தைகளையும் அனாதைச் சிறாரையும் காப்பதற்கு இல்லம் அமையவும், அவர்கள் கல்வி பெறவும் முயன்றார். வரதட்சணை இன்றி மணமாகாதிருந்த ஏழைப் பெண்களுக்காகவும் நிதி திரட்டினார். சபைக்குச் சொந்தமான லிமாதம்போ பண்ணைக்குச் சென்று, அங்கு உழைத்த கறுப்பின மக்களுக்கும் இந்தியருக்கும் மருத்துவம் பார்த்தார். வாயிலில் ஏழைக்குச் சோறிட்ட சபைகளே தம் பண்ணைகளில் அடிமைகளையும் உடைமையாக வைத்திருந்தன. அக்காலக் கத்தோலிக்க அறப்பணியின் இந்த இரு முகங்களையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

மார்ட்டினைப் பணிவின் உருவமாக மட்டும் சித்திரிப்போர் விரைந்து கடந்து செல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. கொள்ளைநோய் பரவிய காலத்தில் அவர் வெளியாரான நோயாளிகளை மடத்துக்குள் கொண்டுவந்து பேணினார். தொற்றுக்கு அஞ்சிய சபைத் தலைவர் அதைத் தடை செய்தார். மார்ட்டின் நகரிலிருந்த தங்கை ஹுவானாவின் வீட்டை நோயாளிகளுக்கு இடமாக்கினார். பின்னொரு நாள், கத்திக் குத்துப்பட்டுத் தெருவில் இரத்தம் வடியக் கிடந்த இந்தியர் ஒருவரைத் தடையையும் மீறித் தம் அறைக்கே தூக்கி வந்தார். கீழ்ப்படியாமைக்காகக் கண்டிக்கப்பட்டபோது, கீழ்ப்படிதலின் கட்டளை அன்பின் கட்டளைக்கு மேலானது என்பதைத் தாம் அறியாமல் போனதாகவும், அறியாததைக் கற்பிக்குமாறும் பணிவோடு வேண்டினார். அது பணிவின் மொழியில் தொடுக்கப்பட்ட வழக்கு. சட்டம் பயின்ற நாம் அதை அவ்வாறே வாசிக்கிறோம்: உயிர் காக்கும் கடமைக்கு முன் நிர்வாக ஆணை செல்லாது என்பதே அவர் வாதம். தலைவர் அவருக்கு இசைந்தார்.

இன்னொரு நிகழ்ச்சி நம்மை வேறு விதத்தில் உலுக்குகிறது. மடம் கடனில் மூழ்கியபோது, தம்மை அடிமையாக விற்றுக் கடனைத் தீர்க்குமாறு மார்ட்டின் வேண்டினார் என்பர். பக்தி நூல்களுக்கு இது தியாகத்தின் சிகரம். நமக்கு இது ஒரு சான்று. அவர் சட்டப்படி சுதந்திரமானவர். எனினும் தம் உடலுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அம்மடத்தின் வெள்ளைத் துறவி எவரும் அத்தகைய தியாகத்தை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. அவர்களை வாங்கும் சந்தை லிமாவில் இல்லை.

1639 நவம்பர் 3 அன்று அவர் மறைந்தார். மரணப் படுக்கையருகே வைஸ்ராயே வந்து மண்டியிட்டார் என்கின்றன வரலாறுகள். 1660இல் அவருடைய புனிதத் தன்மை பற்றிய விசாரணை தொடங்கி, சாட்சியங்கள் பதிவாயின. அவரைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அச்சாட்சியங்களின் வழியே வந்தது. அவர் தம் நிலை குறித்து உள்ளூர என்ன எண்ணினார் என்பது அவற்றில் இல்லை. பிறர் கண்ட பணிவே உள்ளது.

பீடத்தில் ஏறவும் அவர் நெடுங்காலம் காத்திருந்தார். அதே லிமாவில், அதே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்ற, ஸ்பானிய வம்சாவளியினரான ரோசா 1617இல் மறைந்து 1671இல் புனிதரானார். 1606இல் மறைந்த பேராயர் தொரிபியோ 1726இல் புனிதரானார். மார்ட்டினுக்கு அருளாளர் பட்டம் 1837இல்தான் கிடைத்தது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1962 மே 6 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் இறந்து 322 ஆண்டுகள் கடந்திருந்தன. தாமதத்திற்குக் காரணங்கள் பல கூறப்படலாம். வரிசையின் ஒழுங்கு நம் கண்ணில் படாமல் போகாது.

அவர் வளர்த்த அறப்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்த குழந்தைக்கு அன்று இரவு உணவு வேண்டும்; சட்டத் திருத்தம் வரும்வரை அதனால் காத்திருக்க முடியாது. நம் நாட்டில் தலித் பிள்ளைகள் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் படித்து முன்னேறியுள்ளனர். அதே திருச்சபையில் தனிக் கல்லறைகளுக்கும் தனித் தெருத் திருவிழாக்களுக்கும் எதிராகப் போராட வேண்டியவர்களாகவும் அவர்களே உள்ளனர். பட்டியல் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டு ஆணையின் 3ஆம் பத்தி 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. தலித் கிறித்தவருக்கு அக்கதவு இன்றும் மூடியே உள்ளது. அறப்பணியால் மட்டும் இவை தீரா. பெருவில் அடிமை முறை 1854இல் அரசாணையால்தான் ஒழிந்தது.

நவம்பர் 3 அவருடைய திருநாள். அன்று ஆலயங்களில் அவருடைய தாழ்ச்சி குறித்து மறையுரைகள் ஆற்றப்படும். காயமுற்ற ஒருவரைத் தூக்கிக்கொண்டு, தடை விதிக்கப்பட்ட வாயிலுக்குள் அவர் நுழைந்ததையும் அன்று நாம் எடுத்துரைப்போம்.