ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட்

ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட் (ஜூன் 3, 1834 – ஜனவரி 23, 1893) இங்கிலாந்தைச் சேர்ந்த நிலவியலாளரும் வானிலை ஆய்வாளரும் ஆவார். 1875 இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் இவரே. இமயமலையின் குளிர்காலப் பனிப்பொழிவைக் கொண்டு அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழையை முன்னறிவிக்கும் முறையை இவர் உருவாக்கினார். கடலூரும் சிதம்பரமும் அடங்கிய அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் பாறைகளையும் இவர் ஆராய்ந்துள்ளார்.

இளமையும் நிலவியல் பணியும்

பிளான்போர்ட் லண்டனில் பிறந்தார். அங்குள்ள அரச சுரங்கப் பள்ளியிலும் ஜெர்மனியின் பிரைபெர்க் நகரிலும் பயின்றார். 1855 இல் தமையன் வில்லியம் தாமஸ் பிளான்போர்டுடன் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். சகோதரர்களின் முதற்பணி ஒரிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியில் அமைந்தது. அங்குக் காணப்பட்ட உருண்டைப் பாறைப் படுகை பண்டைக்காலப் பனிக்கட்டியால் உண்டானது என்ற கருத்து அப்பணியின்போதே முன்வைக்கப்பட்டது.

பின்னர் இவர் திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு மாவட்டங்களில் பணியாற்றினார். அரியலூர் பகுதியின் கிரீத்தேசியக் காலப் பாறைகளை மூன்று பிரிவுகளாக வகுத்தார். அவற்றிற்கு மேலாகக் கடற்கரை நோக்கிப் பரந்துள்ள செந்நிறப் பாறைகளுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டார். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இம்மணற்கற்களுக்கு அடியிலேயே உள்ளது. உடல்நலக் குறைவால் 1862 இல் அளவைத் துறையிலிருந்து விலகி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார்.

வானிலை ஆய்வு

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அப்புயல் பற்றிய அறிக்கையைக் காஸ்ட்ரெல் என்னும் படை அலுவலருடன் இணைந்து பிளான்போர்ட் தயாரித்தார். 1867 இல் வங்காள அரசின் வானிலை அறிக்கையாளராகவும், 1875 இல் இந்திய அரசின் வானிலை அறிக்கையாளராகவும் நியமிக்கப்பட்டார்.

அதுவரை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே வானிலையைப் பதிவு செய்து வந்தது. ஓரிடத்தின் அளவீட்டை மற்றோர் இடத்தின் அளவீட்டுடன் ஒப்பிடுவது கடினமாக இருந்தது. கருவிகளையும் பதிவு முறைகளையும் சீராக்கி, நாடு முழுவதற்குமான ஒரே வலையமைப்பை இவர் ஏற்படுத்தினார்.

மேகமும் குளிர்கால மழையும்

ஈரக்காற்று மேலெழும்போது அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவதால் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி தூசு, கடலுப்பு முதலிய நுண்துகள்களின் மீது படிந்து நீர்த்துளிகளாக மாறுவதே மேகம். எனவே மழையை விளக்க, காற்று எங்கே, எதனால் மேலெழுகிறது என்பதை அறிய வேண்டும். வட இந்தியாவின் குளிர்கால மழை பற்றி 1884 இல் பிளான்போர்ட் கட்டுரை எழுதினார். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகளே அம்மழைக்கும் இமயமலைப் பனிக்கும் காரணம் என்பது இன்றைய விளக்கம்.

பருவமழை முன்னறிவிப்பு

1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. அதன்பின் பருவமழையை முன்கூட்டியே கூற இயலுமா என அரசு பிளான்போர்டைக் கேட்டது.

இமயமலையில் பனி மிகுதியாக இருந்தால், சூரிய வெப்பத்தின் ஒரு பகுதி பனியை உருக்குவதிலேயே செலவாகும். நிலம் போதுமான அளவு சூடேறாது, வறண்ட வடமேற்குக் காற்று நீடித்து வீசும், பருவமழை குறையும். இத்தொடர்பை 1884 இல் வெளியிட்டார். 1882 முதல் 1885 வரை செய்த சோதனை முன்னறிவிப்புகள் நம்பிக்கையளித்தன. முறையான முதல் முன்னறிவிப்பு ஜூன் 4, 1886 அன்று வெளியானது.

தமிழகக் கடற்கரைக்கு இதன் பொருத்தம்

இம்முன்னறிவிப்பு தென்மேற்குப் பருவமழைக்கு உரியது. கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட கடலோரப் பகுதிகளோ ஆண்டு மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்காள விரிகுடாவில் ஈரம் பெற்று வரும் வடகிழக்குப் பருவக்காற்றால் அடைகின்றன. ஆகவே ஜூன் மாத அறிவிப்பு இவ்வூர்களின் கார்த்திகை மழையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஆயினும் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே காவிரியில் வெள்ளமாகி, கொள்ளிடம் கீழணை வழியாக வீராணம் ஏரியை அடைகிறது. இதனால் சிதம்பரம் வட்டார நெல் சாகுபடி இரு பருவமழைகளையும் சார்ந்துள்ளது.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

1880 இல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிளான்போர்ட், 1888 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் வானிலை குறித்த நூலை 1889 இல் வெளியிட்டார். போக்ஸ்டன் நகரில் காலமானார்.

இவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜான் எலியட் பனியுடன் வேறு பல காரணிகளையும் சேர்த்துக்கொண்டார். எனினும் நல்ல மழை எதிர்பார்க்கப்பட்ட 1899 இல் பருவமழை பொய்த்துப் பஞ்சம் ஏற்பட்டது. 1904 இல் பதவியேற்ற கில்பர்ட் வாக்கர் புள்ளியியல் முறைக்கு மாறினார். 1976 இல் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு பிளான்போர்டின் கருத்தை ஆதரித்தது. ஆனால் பனிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. ஓரிடத்தின் மழைக்கான அறிகுறியைத் தொலைவிலுள்ள வேறோரிடத்தில் தேடும் இவரது அணுகுமுறை இன்றும் பருவமழை முன்னறிவிப்பின் அடிப்படையாக உள்ளது.