ஆயிரம் பிள்ளைகளின் தாய்: எலைசா அக்னியூ அம்மையார்

உடுவிலில் படித்த எவருக்கும் எலைசா அக்னியூ அம்மையாரின் பெயர் புதிதல்ல. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நம் பாடசாலையை நடத்தியவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தவர், ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாதவர் என்று சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தோம். ஆனால் அவர் நாளாந்தம் எப்படி வாழ்ந்தார், அவருடைய சோற்றுக்கும் துணிக்கும் பணம் கொடுத்தவர்கள் யார் என்பதை நாம் அதிகம் எண்ணியதில்லை. பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது. கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு பாடசாலைக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இன்று நாமல்லவா?

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில், புவியியல் பாடத்தின்போது ஆசிரியை தேசப்படத்தில் இலங்கைத் தீவைக் காட்டினாராம். அங்கே மிஷனரியாகப் போவதென்று அன்றே அந்தப் பிள்ளை தீர்மானித்துக்கொண்டதாம். சிறுபிள்ளைகள் எத்தனையோ தீர்மானங்கள் எடுப்பார்கள்; மறந்தும் விடுவார்கள். இவர் மறக்கவில்லை. எனினும், பெற்றோரை விட்டுவிட்டுப் புறப்படவும் அவருக்கு மனம் வரவில்லை. அவர்கள் காலமாகும் வரை பொறுத்திருந்து, 1839இல் தமது 32ஆம் வயதில் கப்பல் ஏறினார். பல மாதக் கடற்பயணத்தின் பின் 1840 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். திருமணமாகாத பெண்களை மிஷன் வேலைக்கு அனுப்புவது அக்காலத்தில் அரிது. யாழ்ப்பாணத்துக்கு அப்படி வந்த முதற் சிலருள் இவரும் ஒருவர்.

உடுவில் பெண்கள் விடுதிச்சாலை அதற்கு முன்னரே, 1824இல், ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரால் தொடங்கப்பட்டிருந்தது. அவர் 1833இல் காலமான பின் ஸ்போல்டிங் ஐயரும் அவருடைய துணைவியாரும் அதனைக் காத்து வந்தனர். அக்னியூ அம்மையார் அவர்களோடு சேர்ந்து பாடசாலைப் பொறுப்பை ஏற்றார்.

இந்த வேலைகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பொஸ்டன் நகரில் இருந்த அமெரிக்க மிஷன் சங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சங்கத்தின் பணமோ பெரும் பணக்காரர் சிலருடையது மட்டுமல்ல. கமக்காரர், கடைக்காரர், தையல் சங்கத்துப் பெண்கள், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் என்று எளிய மக்கள் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்த காசு அது. யார், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு கொடுத்தார் என்ற விபரம் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் அச்சாகும். யாழ்ப்பாணத்திலிருந்து மிஷனரிமார் எழுதும் கடிதங்களும் அதே பத்திரிகையில் வெளிவரும். அங்கே பணமுடை என்றால் இங்கே பாடசாலைகள் மூடப்படும். 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தபோது யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகள் பலவற்றில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அடி ஆறும் முன்னரே அக்னியூ அம்மையார் இங்கு வந்தார்.

விடுதிப் பிள்ளை ஒன்றின் செலவை அமெரிக்காவில் ஒருவரோ ஒரு சபையோ ஏற்றுக்கொள்ளலாம். அப்படி ஏற்றவர்கள் அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் இடலாம். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்களின் முற்பாதி அப்படி வந்ததே. உடுவிலிலும் இதுவே வழக்கம். தாய் தகப்பன் வைத்த பெயரோடு வந்த பிள்ளை, தான் ஒருநாளும் காணாத அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் பெயரோடு வெளியேறும். கொடுத்தவர்களுக்கு அது அன்பின் அடையாளம். தம் பிள்ளை தமக்கு அந்நியமாகிவிட்டதோ என்று நினைத்த வீட்டாரின் கலக்கமும் நியாயமானதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அக்காலம் நமக்கு விளங்கும்.

அக்னியூ அம்மையாரின் நாட்கள் பிள்ளைகளோடேயே கழிந்தன. காலையும் மாலையும் ஜெபம், வேதபாடம், வாசிப்பு, எழுத்து, கணிதம், புவியியல், தையல் என்று பொழுது ஓடும். பிள்ளைகளின் உணவும் உடையும் இருப்பும் ஊர் வழக்கப்படியே இருந்தன. மேல்நாட்டு நாகரிகத்தைப் பழக்கிவிட்டால் அவர்கள் தம் வீடுகளில் வாழமாட்டார்கள் என்பதை மிஷன் உணர்ந்திருந்தது. தொடக்க நாட்களில் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்ப எவரும் விரும்பவில்லை. உணவும் உடையும் இலவசம், படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணப்பவளுக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் என்றெல்லாம் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அம்மையாரின் காலத்திலேயே இந்த நிலை மெல்ல மாறியது. படித்த பெண்ணே வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கத் தொடங்கினர். பெற்றோர் பணம் கட்டிப் படிப்பிக்கவும் முன்வந்தனர்.

ஒரு வைத்தியராக நான் வியப்பது வேறொன்று. பெருந்தொகைப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உறங்கி, கிணற்றுத் தண்ணீர் குடித்து வாழ்ந்த விடுதி அது. கொலராக் கிருமியை ரொபேர்ட் கொக் இனங்காட்டியது 1884இல், அம்மையார் மறைந்த மறு ஆண்டில். மலேரியாவைப் பரப்புவது நுளம்பு என்பது 1897இல்தான் தெளிவாயிற்று. 1860களில் யாழ்ப்பாணத்தைக் கொலரா உலுக்கியபோது அது எப்படிப் பரவுகிறது என்பதை இங்கு எவரும் திட்டமாக அறியார். அயலூரான மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு பெரிய துணை. ஆயினும் பிறர் பெற்ற பிள்ளைகளை நம்பிக்கையாகப் பொறுப்பெடுத்து, காய்ச்சல் கண்ட ஒவ்வோர் இரவையும் கடப்பது எவ்வளவு பாரம் என்பதை விடுதி நோயாளரைப் பார்த்துப் பழகியவர்கள் அறிவார்கள். அந்தப் பாரத்தை அவர் நாற்பது ஆண்டுகள் சுமந்தார்.

1855இல் வேறொரு சோதனை வந்தது. பொஸ்டனிலிருந்து அன்டர்சன் ஐயரின் தூதுக்குழு வந்து, மிஷன் வேலை தாய்மொழியிலும் சபை வளர்ச்சியிலும் ஊன்ற வேண்டும் என்று தீர்மானித்தது. புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. பிறர் பணத்தில் நடக்கும் எந்த வேலைக்கும் இந்த ஆபத்து உண்டு. முடிவு எடுக்கும் மேசை கடலுக்கு அப்பால் இருக்கும். உடுவில் தப்பிப் பிழைத்தது. அம்மையார் எப்போதும்போலத் தம் வகுப்புகளை நடத்தினார்.

அவருடைய நோக்கம் கல்வி மட்டுமல்ல. பிள்ளைகள் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்பதே அவர் வந்த காரணம். அதை அவர் மறைத்ததும் இல்லை. அவரிடம் கற்றவர்களுள் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாயினர் என்று மிஷன் எழுதி வைத்தது. சைவ வீடுகள் பலவற்றில் இதனால் கண்ணீர் வடிந்திருக்கும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் இந்தக் காலத்திலேதான். பின்னர் 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரி எழுந்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்பதில் அதற்குள் இரு தரப்பும் ஒன்றாகிவிட்டன. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த நமக்கு இந்த வரலாறு முழுவதும் சொந்தம்.

விடுமுறை வந்தால் அம்மையார் ஓய்ந்திருப்பதில்லை. மணமாகிப் போன தம் மாணவியரை ஊரூராகச் சென்று பார்ப்பார். அவர்களுடைய பெண்பிள்ளைகளும், பின்னர் பேரப்பிள்ளைகளும் அவரிடமே படிக்க வந்தனர். மற்ற மிஷனரிமார் இடையிடையே அமெரிக்கா போய் வந்தார்கள். நீங்கள் எப்போது போவீர்கள் என்று கேட்டால், வேலை அதிகம், நேரமில்லை என்பார். 1873இல் ஸ்போல்டிங் ஐயரும் மறைந்தார். தம்மோடு தொடங்கியவர்கள் ஒவ்வொருவராய்ப் போக, இவர் பணியைத் தொடர்ந்தார்.

1879இல் வயது காரணமாகப் பொறுப்பை விட்டபோதும் அவர் கப்பல் ஏறவில்லை. மானிப்பாயில் லீச் சகோதரியரோடு தங்கினார். 1883 ஜூன் மாதத்தில் அவர் உயிர் பிரியும் தறுவாயில், உடனிருந்த ஒருவர், எதற்காக விசேஷமாக ஜெபிக்கட்டும் என்று கேட்டாராம். தமக்காக அவர் எதையும் கேட்கவில்லை. இலங்கைப் பெண்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். அந்த அறையில் அப்போது நிறைந்து நின்றவர்கள் அவரிடம் படித்த பெண்களே. பிள்ளை பெறாத ஒருவரை ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று உலகம் அழைத்தது சும்மா அல்ல.

அவருக்குப் பணம் அனுப்பியவர்களுள் உடுவிலைக் கண்டவர் மிகச் சிலரே. பெரும்பாலானோர் தம் காசு என்னவாயிற்று என்பதைக் கடிதத்தில் மட்டும் படித்தார்கள். அந்தக் காசு கல்வியாக மாறியது, ஒருவர் போகாமல் இங்கேயே இருந்ததனால். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து நாம் பாடசாலைகளுக்கு அனுப்பும் பணமும் அப்படித்தான். அதைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்ப்பவர்கள், குறைந்த சம்பளத்தில் ஊரிலேயே நின்று கற்பிக்கும் ஆசிரியைகளும் விடுதிப் பொறுப்பாளர்களுமே. கட்டடத்துக்குக் கொடுக்கிறோம், கல்வெட்டில் பெயரும் பொறிக்கிறோம். அவர்களுடைய வீட்டு நிலைமை என்ன, நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், ஓய்வுபெற்ற பின் எப்படி வாழ்வார்கள் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அடுத்த முறை பணம் அனுப்பும்போது, நின்று உழைக்கும் அந்தப் பெண்களுக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்குவோம். அக்னியூ அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.