இரண்டாயிரம் ரூபாய் கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வத்திராயிருப்பைத் தாண்டிப் பிளவக்கல் அணைக்குப் போகும் கார்களைப் பாருங்கள். சின்னக் கார்கள்தான் அதிகம். பின்கதவை மேலே தூக்கினால் புளியோதரைத் தூக்குச்சட்டி, ஜமக்காளம் எல்லாம் உள்ளே போய்விடும். வண்டி சிறிது, ஓட்டுகிற வாலிபனுக்கோ அதில் வேகமும் வேண்டும்!

இந்தச் சின்னக் கார் ஆசை கோவையில் ஒருவரை 1952-லேயே பிடித்துக்கொண்டது. அவர்தான் ஜி. டி. நாயுடு.

1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். சொக்கிப் போனார். அதே மாதிரி வண்டி வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து வாங்கியும் விட்டார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அவர் படித்த என்ஜினீயரிங் காலேஜ் அதுதான்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ் விட்டார். அவரே முதலாளி, அவரே டிரைவர். ஒன்று பலவாகி, யு.எம்.எஸ். பஸ் கம்பெனி ஆயிற்று. 1937-ல் கோவையில் உருவான மின்சார மோட்டாரிலும் அவர் கை உண்டு.

பிறகுதான் கார். இருவர் உட்காரலாம், பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்! அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் சீட்டு எடுத்தாவது வாங்கியிருப்பார். சர்க்கார் விடவில்லை. உற்பத்திக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கார் அத்தோடு நின்றது.

ஏழு ஆண்டு கழித்து, 1959-ல், இங்கிலாந்தில் மினி என்ற சின்னக் கார் வந்தது. பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் அதன் என்ஜினுக்கு வலுவேற்றி, 1961-ல் மினி கூப்பர் ஆக்கினார். 1964-ல் அந்தச் சுண்டைக்காய் வண்டி, பெரிய வண்டிகளைப் பின்னே தள்ளி மாண்டி கார்லோ பந்தயத்தில் ஜெயித்தது! பின்கதவு தூக்கும் வேகக் காருக்கு வழிகாட்டி அதுதான். ஜெர்மனியின் கோல்ப் ஜி.டி.ஐ. 1976-ல் விற்பனைக்கு வந்தது.

நாயுடுவின் வண்டி வேகக் கார் அல்ல. ஆனால் மினியும் முதலில் அப்படித்தானே? சாதாரணக் குடும்பத்துக்கென்று செய்யப்பட்டதுதான். ரோட்டில் ஓடவிட்டார்கள், பிறகு ஒருவர் வேகம் சேர்த்தார். கோவைக் காருக்கு அந்த ரோடே கிடைக்கவில்லை.

நாயுடு 1974 ஜனவரி 4-ந் தேதி காலமானார். மாருதியின் முதல் சின்னக் கார் 1983 டிசம்பரில் டெல்லியில் ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.