விடுப்பே எடுக்காத வீரர்



காலையில் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்கும்போது, 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுக்கிறீர்கள் அல்லவா? ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்குச் சில பள்ளிகளில் ஆண்டு விழாவில் பரிசு தருவார்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில், அந்தப் பரிசுக்கு ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ தேறினாலே பெரிய விஷயம்.

ஒரு விளையாட்டு வீரர் தொடர்ந்து 2,130 ஆட்டங்களில் விடுப்பே எடுக்காமல் ஆடினார் என்றால் நம்புவீர்களா? பள்ளி ஆண்டுக்கு 220 நாள் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் ஏறக்குறைய பத்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு நாள்கூட வீட்டில் தங்காததற்குச் சமம் அது! அந்த வீரரின் பெயர் லூ கெரிக். அமெரிக்காவின் பேஸ்பால் வீரர்.

பேஸ்பால் ஆட்டத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு அது. மட்டை தட்டையாக இருக்காது, உருண்டையாக இருக்கும். பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிவார்கள். அடித்தவர், சதுரமாக வைத்திருக்கும் நான்கு முனைகளையும் தொட்டுக்கொண்டு ஓடி வந்தால் ஒரு ரன். பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டால் அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். நம் ஊர் சிக்ஸர் மாதிரி!

ஏழை வீட்டுப் பிள்ளை

லூ கெரிக் 1903ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த நான்கு குழந்தைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்துபோயின. மிஞ்சியது லூ ஒருவன்தான். அப்பா தகரத் தகடு வேலை செய்பவர். அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். ஆகவே அம்மா கிறிஸ்டினாதான் பிறர் வீட்டில் சமைத்தும், துணி துவைத்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கனவு. தன் பிள்ளை கல்லூரியில் படித்து என்ஜினீயர் ஆகவேண்டும். பந்து விளையாட்டால் என்ன பயன் என்பது அவருடைய எண்ணம். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்களே!

ஆனால் லூவின் கைகளில் அபார பலம் இருந்தது. 1920ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவனுடைய பள்ளி அணி, சிகாகோ நகரப் பள்ளி அணியோடு மோதியது. பெரிய வீரர்கள் ஆடும் மைதானம். பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கடைசிச் சுற்றில் லூ அடித்த பந்து சுவரைத் தாண்டி மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. அப்போது அவனுக்கு 17 வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் அவன் பெயர் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

கல்லூரியில் நடந்த தவறு

1921ஆம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லூவுக்கு இடம் கிடைத்தது. விளையாட்டில் சிறந்து விளங்கியதால் உதவித்தொகையும் கிடைத்தது. அம்மாவுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில்தான் அவர் சமையல் வேலை பார்த்தார்.

அங்கே லூ ஒரு தவறு செய்தார். கல்லூரி அணியில் ஆடும் மாணவர்கள் பணத்துக்காக வெளியே ஆடக்கூடாது என்பது அந்தக் கால விதி. ஒரு தொழில்முறை அணியின் நிர்வாகி அவரிடம், வேறு பெயரில் ஆடினால் யாருக்கும் தெரியாது என்று ஆசை காட்டினார். வீட்டிலோ பணத் தட்டுப்பாடு. கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையில், லூயிஸ் என்ற பொய்ப் பெயரோடு ஹார்ட்ஃபோர்ட் நகர அணிக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். குட்டு வெளிப்பட்டுவிட்டது! முதல் ஆண்டு முழுவதும் கல்லூரி அணிகளில் ஆட அவருக்குத் தடை விதித்தார்கள்.

அந்த ஓராண்டு அவருக்கு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனால் அவர் கல்லூரியை விட்டு ஓடவில்லை. தண்டனை முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு சொந்தப் பெயரில் ஆட வந்தார்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் 18. நியூயார்க் யாங்கீஸ் என்ற புகழ்பெற்ற அணி, தான் புதிதாகக் கட்டிய பிரம்மாண்டமான மைதானத்தைத் திறந்த நாள் அது. ஊரே அங்கே திரண்டிருந்தது. அதே நாளில் கொலம்பியா மைதானத்தில் மிகச் சிறிய கூட்டத்துக்கு முன்னால் லூ பந்து எறிந்துகொண்டிருந்தார். எதிரணியில் 17 பேரை அடிக்க விடாமல் வெளியேற்றினார். அப்படியும் அவர் அணி தோற்றுப்போனது!

ஆனால் திறமை மறைந்து கிடக்குமா? நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி அலையும் யாங்கீஸ் அணியின் அலுவலர் ஒருவர், லூவின் மட்டைவீச்சை ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார். அந்த மாத இறுதிக்குள் ஒப்பந்தம் தயாரானது. கையெழுத்துப் போட்டதும் 1,500 டாலர் கிடைத்தது. வீட்டு நிலைமையை நினைத்த லூ, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையெழுத்திட்டார். அம்மாவின் என்ஜினீயர் கனவு அன்றோடு கலைந்தது. அவர் மிகவும் வருந்தினார். மகன் சம்பாதித்து அம்மா அப்பாவை நல்ல வீட்டில் வைத்து, பிறர் வீட்டு வேலைக்குப் போகவேண்டாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அந்த வருத்தம் தீர்ந்தது.

இரும்புக் குதிரை

முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் சிறிய அணியில்தான் பயிற்சி. 1925ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி ஒருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க அழைத்தார்கள். மறுநாள், வழக்கமாக முதல் முனையைக் காக்கும் வாலி பிப் என்ற வீரருக்குப் பதில் லூவை இறக்கினார்கள். அன்று இறங்கியவர்தான்! ஏறக்குறைய 14 ஆண்டுகள் அந்த இடத்தை விட்டு அகலவே இல்லை.

அதே அணியில் பேப் ரூத் என்ற பெரும்புகழ் பெற்ற வீரரும் இருந்தார். 1927இல் ரூத் 60 ஹோம் ரன்கள் அடித்தார், லூ 47 அடித்தார். 1932இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்து அசத்தினார் லூ. ஆனால் அதே நாளில் வேறொரு புகழ்பெற்ற நிர்வாகி ஓய்வு பெற்றதால், பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது அந்தச் செய்திதான்! லூ அதற்காக முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வழக்கம்போல வந்து நின்றார்.

ரயில் என்ஜினை அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் 'இரும்புக் குதிரை' என்பார்கள். ரசிகர்கள் லூவுக்கும் அதே பட்டப்பெயரைச் சூட்டினார்கள். பின்னாளில் அவருடைய கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, எலும்பு முறிந்து தானாகக் கூடிய இடங்கள் 17 இருந்தனவாம்!

இங்கே ஒரு எச்சரிக்கை, செல்லங்களே. 1934இல் ஒருமுறை பந்து தலையில் பட்டு லூ மயங்கி விழுந்தார். மறுநாளே ஆட வந்துவிட்டார். இதை நீங்கள் பின்பற்றக்கூடாது! தலையில் அடிபட்டால் ஓய்வு எடுக்கவேண்டும், மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலோடு பள்ளிக்கு வந்து வருகைப் பரிசு வாங்குவதும் கெட்டிக்காரத்தனம் இல்லை.

தானே விலகிய நாள்

1938இல் லூவின் ஆட்டம் மங்கத் தொடங்கியது. 1939இல் நிலைமை மோசமானது. நன்றாக ஓட முடியவில்லை. மட்டையில் பந்து பட்டாலும் வேகம் இல்லை. அந்த ஆண்டின் முதல் எட்டு ஆட்டங்களில் 28 முறை முயன்று நான்கே முறைதான் சரியாக அடித்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 30ஆம் தேதி ஆட்டத்தில், மிகச் சாதாரணமான ஒரு பந்தைப் பிடித்து ஒருவரை அவுட் ஆக்கினார். உடனே சக வீரர்கள் ஓடிவந்து பாராட்டினார்கள். லூவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு எளிய செயலுக்கே பாராட்டும் அளவுக்குத் தன் நிலை வந்துவிட்டதே என்று புரிந்துகொண்டார்.

மே 2ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் ஆட்டம். லூ நேராகப் பயிற்சியாளர் ஜோ மெக்கார்த்தியிடம் போய், அணியின் நலனுக்காகத் தன்னை நீக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே முடிவெடுத்தார். 2,130 ஆட்டங்களோடு அந்தத் தொடர் நின்றது. எதிரணி ஊர் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். லூ ஓரமாகப் போய் அமர்ந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

பிறகு மேயோ மருத்துவமனையில் சோதித்தார்கள். அவருடைய 36வது பிறந்தநாளன்று முடிவு தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் கொடிய நோய் அது. கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு என எல்லாம் தளர்ந்துகொண்டே போகும். அறிவு மட்டும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் பார்த்திருப்பீர்களே, அவருக்கு வந்ததும் இதே வகை நோய்தான். அதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை.

1939 ஜூலை 4ஆம் தேதி யாங்கீஸ் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் கூடி அவருக்கு விழா எடுத்தார்கள். அவர் அணிந்த 4ஆம் எண்ணை இனி அந்த அணியில் வேறு யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தார்கள். பேச எழுந்த லூ தன் நோயைப் பற்றிப் புலம்பவில்லை. தன்னைவிட அதிர்ஷ்டசாலி எவரும் இல்லை என்ற பொருளில் பேசினார். சக வீரர்களுக்கும், மைதானத்தைப் பராமரித்த தொழிலாளர்களுக்கும், உழைத்துப் படிக்கவைத்த பெற்றோருக்கும், மனைவி எலினாருக்கும் நன்றி சொன்னார். கூட்டமே அழுதது.

அதன்பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சிறையிலிருந்து விடுதலை கேட்பவர்களின் மனுக்களை விசாரிக்கும் பணியை 1940இல் நியூயார்க் நகரில் ஏற்றார். உடல் இடம் கொடுத்தவரை அலுவலகம் போய்வந்தார். 1941ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, 38 வயது நிறைய 17 நாள் இருக்கும்போது காலமானார். 16 ஆண்டுகளுக்கு முன் வாலி பிப்பின் இடத்தில் அவர் இறங்கிய அதே தேதி!

அவருடைய 2,130 ஆட்டச் சாதனையை 1995இல்தான் கால் ரிப்கன் என்ற வீரர் முறியடித்தார். அந்த நோயை அமெரிக்க மக்கள் இன்றும் லூ கெரிக் நோய் என்றே அழைக்கிறார்கள். 2021 முதல் ஜூன் 2ஆம் தேதியை அங்குள்ள பெரிய பேஸ்பால் அணிகள் லூ கெரிக் நாளாகக் கொண்டாடி, அந்த நோயின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகின்றன.

குழந்தைகளே! தினமும் தவறாமல் போய் நம் வேலையைச் செய்வது நல்ல பழக்கம். லூவிடம் அது இருந்தது. தன்னால் முடியவில்லை என்று தெரிந்தபோது, அணிக்குப் பாரமாக இருக்காமல் அடுத்தவருக்கு இடம் விட்டாரே, அந்தக் குணமும் அவரிடம் இருந்தது. நாளைக் காலை வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை வாசிக்கும்போது, இந்த இரும்புக் குதிரையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!